மெஷின் இல்லாத நேரம்

சாந்தோம், சென்னை
12 ஜூன் 2024

அன்புள்ள ரெனிட்டாவுக்கு,

மரியே வாழ்க. நானும் உன் அண்ணனும் உன் மருமகனும் நலம். பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டதாமே, உன் சைனஸ் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்குக் கேட்காது, வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதினால் எனக்குத் திருப்தி இல்லை. அதனால் பழையபடி மெயிலிலேயே கடிதமாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஆஸ்வினுக்குக் காது மெஷினை ஆன் செய்தார்கள். ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் தலையோடு காந்தமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்கள். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் அறியாத பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஓவென்று அழுதான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கு இன்னும் அழுதான். நானும் அழுதேன். உன் அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

பேச்சுப் பயிற்சி அடையாறில். சுப்புலக்ஷ்மி மேடம் என்று ஒருவர். கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளிடம் மலையளவு பொறுமை. முதல் வருஷம்தான் முக்கியம், இப்போது வீணாக்கும் மாதம் பிறகு கிடைக்காது என்கிறார். என்னை ஒரு தரம் 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், ரெனிட்டா. அதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

தெருமுனையில் மீன் விற்கும் தாயம்மா அவனைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், இத்துனூண்டு புள்ளைக்கு அதுக்குள்ள காதுல ப்ளூடூத்து மாட்டி வுட்டுக்கீறே" என்றாள். விளக்கிச் சொன்னதும் இரண்டு துண்டு வஞ்சிரம் சும்மா கொடுத்தாள்.

உன் கம்பெனியில் செய்யும் பயிற்சி ஆப்பை எங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. வீடியோ கால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், நெட் சரியில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அண்ணி,
ஜெனோவா


பெங்களூர்
14 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மரியே வாழ்க. நான் நலம். சைனஸும் நலம், என்னை விட்டுப் பிரிய அதற்கு மனமே இல்லை. உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டு எல்லோருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணன் ஏன் வெளியே போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் எனக்குக் காது போனபோது, எனக்காகச் சைகை பாஷை கற்றுக்கொண்டவர் வீட்டில் அவர் ஒருவர்தான். லீவுக்குக் காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலிலிருந்து வந்து நான் சொல்லிக்கொடுப்பேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு அப்பாவைக் கிண்டல் செய்வோம். எனக்குக் கிடைக்காதது அவர் பிள்ளைக்குக் கிடைக்கிறதே என்று அழப் போயிருப்பார்.

ஆப்பில் என் வேலை திரை வரைவது. எந்தப் படம் எங்கே இருக்க வேண்டும், பிள்ளை எதைத் தொட்டால் என்ன வரும் என்பதெல்லாம் நான். காது கேட்காதவள் காது கேட்கப் பழக்கும் ஆப்பை வரைகிறாள் என்று எங்கள் டீம் லீடர் ஜுவேரியாவே சிரிப்பாள். போனைக் கன்னத்தில் வைத்து அதிர்வைப் பார்த்துத்தான் 'சரி, சத்தம் வருகிறது' என்பேன். இப்போது அதில் இருப்பதெல்லாம் வெளிநாட்டு நாய், வெளிநாட்டு ரயில். உங்கள் வீட்டுச் சத்தங்களைப் பதிவு செய்து அனுப்புங்கள். ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்றும் எழுதுங்கள், நான் படம் வரைய வேண்டுமே.

ஆகஸ்டில் மருமகன் பிறந்தநாளுக்கு வருகிறேன். ஈஸ்டருக்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரெனிட்டா


சாந்தோம்
3 ஜூலை 2024

அன்புள்ள ரெனிட்டாவுக்கு,

மரியே வாழ்க. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

கேட்ட சத்தங்களை அனுப்பியிருக்கிறேன். குக்கர் விசில், கோபக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது மாதிரி இருக்கும். கோயில் மணி உனக்கே தெரியும், நெஞ்சில் கை வைத்தால் அதிரும். தண்ணீர் லாரி ஹாரனை எப்படி எழுதுவது? தெருவே எழுந்து ஓடி வரும், அவ்வளவுதான்.

தினமும் காலையில் மேடம் சொன்னபடி ஆறு சத்தம் சொல்லிப் பார்க்கிறேன். ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ். வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், இல்லையென்றால் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவானாம். ஒவ்வொரு சத்தம் கேட்டதும் அவன் ஒரு பாசிமணியை டம்ளரில் போட வேண்டும். 'ஸ்' இன்னும் அவனுக்கு எட்டவில்லை.

உன் ஆப்பில் ஒரு கோளாறு. சரியாகத் தொட்டால் பலூன் வருகிறது, தவறாகத் தொட்டால் யானை வழுக்கி விழுகிறது. உன் மருமகன் யானை விழுவதற்காகவே வேண்டுமென்று தப்பாகத் தொடுகிறான். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். படிக்காத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், இவனைப் போல ஒருவனைப் பார்த்ததில்லை.

உன் அண்ணன் இப்போதெல்லாம் வீட்டில் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டே நடக்கிறார். புதுப் பழக்கம். ஆகஸ்டில் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று இருக்கிறோம். சாமான் எல்லாம் கூடத்தில் கிடக்கும், உனக்குப் படுக்கக்கூட இடம் இருக்காது. பிறகு வரலாம்.

அன்புடன் அண்ணி,
ஜெனோவா


பெங்களூர்
9 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மரியே வாழ்க. நலம், நலமறிய ஆவல்.

யானையை எடுத்துவிட்டேன். நான் வரைந்ததிலேயே நல்ல யானை அது. இனி தப்பாகத் தொட்டால் ஒன்றுமே நடக்காது, சரியாகத் தொட்டால்தான் வேடிக்கை. ஜுவேரியா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறேன். டப்பிங் குரலுக்குப் பதில் அம்மாவின் குரலையே பதிந்துகொள்ளலாம். உங்கள் குரலில் 'ஆஸ்வின், வா' என்று சொல்லிப் பதியுங்கள். சத்தம் வரும்போது திரை கறுத்துவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது, கேட்டே ஆக வேண்டும். அந்தக் கறுப்பை வரையும்போது பாதியில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

அண்ணன் வீட்டில் லுங்கிதானே கட்டுவார். லுங்கிக்கு ஏது பாக்கெட்?

வெள்ளையடிப்பு முடியட்டும். செப்டம்பரில் மாதா பிறந்தநாளுக்கு வருகிறேன். சட்டை ஒன்று அனுப்புகிறேன், அளவு பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துப் போடுங்கள்.

அன்புடன்,
ரெனிட்டா


சாந்தோம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள ரெனிட்டாவுக்கு,

மரியே வாழ்க. பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சை வேலை, சாயங்காலம் அடையாறு, வீடு வந்தால் ஆப். சட்டை கச்சிதமாக இருக்கிறது.

போன வாரம் பின்னாலிருந்து பெயரைச் சொன்னேன், திரும்பிப் பார்த்தான். 'பா' என்று ஒரு சத்தம் வருகிறது. அப்பாவா பாலா என்று தெரியாமல் உன் அண்ணனும் நானும் இரண்டையும் கொண்டுபோய் நிறுத்தினோம். 'ம்' இன்னும் வரவில்லை. சேர்ந்த உதட்டைத் திறக்காமல் முனகினால் போதும் என்கிறார் மேடம். அவன் உதடு 'பா'வென்று உடனே திறந்துகொள்கிறது.

மாதா பிறந்தநாளுக்கு வர வேண்டாம். உன் அண்ணனுக்குக் காய்ச்சல், உனக்கும் ஒட்டிக்கொள்ளும். ஜாக்கிரதையாக இரு.

அன்புடன் அண்ணி,
ஜெனோவா


பெங்களூர்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மரியே வாழ்க. உடம்புக்கு நலம்.

வியாழக்கிழமை ஆபீஸில் ஒரு கூட்டம். ஆப்புக்கு ஆலோசனை சொல்ல நிபுணர்களை அழைத்திருந்தார்கள், சென்னையிலிருந்து உங்கள் சுப்புலக்ஷ்மி மேடமும் வீடியோவில் வந்தார். அவர் பேசுவது எனக்காகத் திரைக்குக் கீழே எழுத்தாக ஓடியது. நல்லவர்தான், நீங்கள் சொன்னது சரி. ஆப்பில் பெற்றோருக்கென்று ஒரு பக்கம் வேண்டும், அதில் விதிகளைப் போட வேண்டும் என்றார். டி.வி.யைக் குறையுங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கையை ஆட்டாதீர்கள். சைகை பேசும் உறவினர் இருந்தால் முதல் வருஷம் பிள்ளையிடமிருந்து தள்ளி வையுங்கள்.

இந்தக் கடைசி வரியை எந்த நிறத்தில், எந்த அளவில் போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார்கள். நீலத்தில் போடலாம் என்றேன். போட்டும் கொடுத்தேன். சாப்பிடப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணி, வெள்ளையடிப்பும் காய்ச்சலும் நெட்டும் எல்லாம் நான்தானா? நேராகச் சொல்லியிருந்தால் வலித்திருக்கும், ஆனால் இப்படி இளித்துக்கொண்டு யானையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்க மாட்டேன். அவனை நான் தொடக்கூடாதா? அது மட்டும் சொல்லுங்கள்.

ரெனிட்டா


சாந்தோம்
15 அக்டோபர் 2024

அன்புள்ள ரெனிட்டாவுக்கு,

மரியே வாழ்க. எழுத உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, இப்போதுதான் முடிகிறது.

வெள்ளையடிக்கவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வீட்டில் யாராவது சைகை பேசுகிறவர்கள் உண்டா என்று மேடம் மெஷின் ஆன் செய்த அன்றே கேட்டார். கை சுலபமாக இருந்தால் பிள்ளை வாயைத் திறக்கச் சிரமப்படாது என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் உன் அண்ணன் எழுந்து வெளியே போனார். வீட்டுக்கு வந்ததும், கையை அடக்கி வையுங்கள் என்று சொல்லி, பாக்கெட் வைத்த அரை டிரவுசர் நானே தி.நகர் போய் வாங்கி வந்தேன். அவர் சண்டை போடவில்லை. டிரவுசரைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மேடம் மேல் மட்டும் பழியைப் போட மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு நீ வந்தபோது அவன் உன் மடியை விட்டு இறங்கவில்லை. இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தீர்கள். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பெற்றவள் நான். அவனோடு ஒரு முழுப் பேச்சு நான் பேசியதில்லை, நீ வந்த அன்றே பேசினாய். வயிறு எரிந்தது, ரெனிட்டா. காது வந்துவிட்டால் என்னோடு பேசுவான், எனக்குப் பிள்ளையாக இருப்பான் என்று நினைத்தேன். அவனும் உன்னைப்போல ஹாஸ்டலும் சைகையுமாகத் தனியாக ஆகிவிடுவானோ என்ற பயமும் இருந்தது. உனக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கும் வராதே. இந்த ஒரு வருஷம் முடியட்டும். என்னை மன்னித்துக்கொள்.

ஜெனோவா


பெங்களூர்
16 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மரியே வாழ்க. நலம். கடிதம் கிடைத்தது.

ஆப்பின் புதிய பதிப்பை இன்று அனுப்பியிருக்கிறேன். பழையதை அழித்துவிட்டு இதைப் போடவும். ஆஸ்வினுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள். அதற்குக் கை தேவையில்லை.

ரெனிட்டா


சாந்தோம்
4 டிசம்பர் 2024

ரெனிட்டா,

மரியே வாழ்க. நீ நலமா என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

போன வாரம் லஸ்ஸில் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. குடை திரும்பிவிட்டது. அவன் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மெஷினில் விளக்கு எரியவில்லை. உலர்த்தும் டப்பாவில் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. ரிப்பேருக்குப் போயிருக்கிறது. வர சில வாரம் ஆகுமாம், அதுவரை மாற்றிப் போட வேறு இல்லையாம்.

காலையில் எழுந்ததும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கிறான். டப்பாவைத் திறந்து பார்க்கிறான். பிறகு என் முன்னால் வந்து நிற்கிறான். 'ரிப்பேருக்குப் போயிருக்கிறது கண்ணா, வந்துவிடும்' என்ற ஒரு வரியை என் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வழியில்லை. நான்தான் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டேன் என்று நினைக்கிறான். நேற்று என் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினான். கிடைக்கவில்லை என்றதும் என்னை அடித்தான். அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணனுக்கு மின்வாரியத்தில் மழை டூட்டி, வந்தால் சாப்பிடும்போதே கண் சொருகுகிறது. அவரைக் கேட்கலாம்தான். கையை அடக்கி வையுங்கள் என்றவளே நான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? என்னிடம் மட்டும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நீ கேட்கலாம். கேள், வாங்கிக்கொள்கிறேன்.

தண்ணீர், சோறு, வெளியே, இதெல்லாம் அவன் காட்டினால் எனக்கே தெரிகிறது. ஒன்றுதான் புரியவில்லை. மணிக்கட்டின் புறத்தை மூக்கின் நடுவில் வைத்து மேலே தள்ளுகிறான். மாதக்கணக்காகச் செய்கிறான், மெஷின் போட்டிருந்தபோதும் செய்தான். மேடம் சொன்னபடி கையைப் பிடித்து இறக்கிவிடுவேன். மூக்கில் உறுத்தலோ என்று டாக்டரிடம் காட்டிச் சளி மருந்துகூடக் கொடுத்தாயிற்று. இப்போது நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். நான் ஒன்றும் செய்யாவிட்டால் அழுகிறான். அதில் என்ன கேட்கிறான்? தயவுசெய்து உடனே எழுது.

ஜெனோவா


பெங்களூர்
4 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மரியே வாழ்க, மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

முதலில் ரிப்பேர். அவன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டுங்கள். பிறகு ஒரு குச்சியை இரண்டு கையால் பிடித்து முறிப்பதுபோல் செய்யுங்கள். அது 'உடைந்தது'. கையை நீட்டி, விரலை உங்கள் பக்கம் இழுங்கள். அது 'வரும்'. மெஷின், உடைந்தது, வரும். முகத்தையும் அதற்கேற்ப வையுங்கள், டீச்சர் முகம் வேண்டாம். அவன் புரிந்துகொள்வான்.

அடுத்தது அந்த மூக்கு. அது உறுத்தலும் இல்லை, சளியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உங்கள் கையெல்லாம் சாக்பீஸ், வீட்டில் கையெல்லாம் மாவு. மூக்குக்கண்ணாடி சரிந்தால் விரல் படாமல் மணிக்கட்டின் புறத்தால்தான் மேலே தள்ளிவிட்டுக்கொள்வீர்கள். நீங்கள் செய்வது உங்களுக்கே தெரியாது. நாங்கள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைப்போம், அவர்களிடம் கண்ணுக்குப் படும் ஏதாவது ஒன்றை வைத்து. ஈஸ்டருக்கு நான் வந்தபோதே அவன் அந்தப் பெயரை வைத்திருந்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அண்ணனும் இல்லை. அவனாகவே வைத்தது. உங்களுக்குத் தெரியும் என்றுதான் நான் இருந்தேன்.

அது நீங்கள்தான், அண்ணி. அவன் அம்மா என்று கூப்பிடுகிறான்.

இன்றைக்கே நான் ரயில் ஏறலாம். ஏற மாட்டேன். எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது, வராதே என்று சொன்ன வீட்டிலிருந்து வா என்று எழுதிவந்தால்தான் வருவேன். ஆப்பில் மெஷின் இல்லாத நேரத்துக்கென்று கையால் பேச ஒரு பக்கம் வேண்டும் என்று ஜுவேரியாவிடம் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிப்பில் முடியாது என்கிறாள். விடப்போவதில்லை.

அன்புடன்,
ரெனிட்டா


சாந்தோம்
20 டிசம்பர் 2024

அன்புள்ள ரெனிட்டாவுக்கு,

மரியே வாழ்க. நாங்கள் நலம். உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எத்தனை தரம் அந்தக் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன் என்று எண்ணக்கூட முடியவில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். "உனக்குத் தெரியாதா? இன்னா ஜெனோ, நாள் பூரா உன்னத்தான கூப்ட்டுக்கினு கீறான்" என்றார். "நீ தெரிஞ்சுதான் கைய எறக்கி வுடுறேன்னு நெனச்சேன்." இத்தனை மாதம் அப்படி நினைத்துக்கொண்டு என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார், பாவம். அந்த டிரவுசர்களை நான் துடைக்கிற துணியாக்கிவிட்டேன்.

நீ சொன்னபடி காதைத் தொட்டுக் காட்டி, முறித்து, இழுத்தேன். முதலில் சிரித்தான், என் கை அவ்வளவு லட்சணம். பிறகு டப்பாவைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தான். புதன்கிழமை மெஷின் வந்துவிட்டது. ஆறு சத்தத்தில் 'ஸ்' தவிர ஐந்துக்கும் மணி போட்டான். வாயால் 'அம்மா' இன்னும் வரவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் போட்டிருக்கும் நேரமெல்லாம் நீங்கள் சொன்னபடி வாய், கழற்றிய நேரம் எங்கள் கை என்றேன். "நான் ஒத்துண்டேன்னு அர்த்தமில்லை. ஆனா குளிக்கறச்சயும் தூங்கறச்சயும் கொழந்தைகிட்ட பேசாம இருங்கோன்னு நான் என்னிக்கும் சொல்லலை" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆப்பில் அந்த நீல வரியைப் பற்றிப் பேச வேண்டும் என்று உன் ஆபீஸ் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வா, ரெனிட்டா. கிறிஸ்துமஸுக்கு வா, பொங்கல்வரை இரு. நீ அவனோடு பேசும்போது எனக்கு மறுபடி வயிறு எரியும். எரிந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன். எந்த ரயில் என்று எழுது, உன் அண்ணன் சென்ட்ரலுக்கு வருவார்.

நேற்றுச் சாயங்காலம் அவனைக் குளிப்பாட்டினேன். மெஷினைக் கழற்றி வைத்தாயிற்று. தலையெல்லாம் நுரை. நான் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கத் திரும்பியிருந்தேன். ஈரக் கையால் என் முதுகைத் தட்டினான். திரும்பினேன். மணிக்கட்டை மூக்கில் வைத்துத் தள்ளிக் கூப்பிட்டான். உன் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி, என்ன என்று கையால் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா கூப்பிட்டான். நான் தண்ணீர் பிடிக்கத் திரும்பினேன், மறுபடியும் கூப்பிட்டான்.

அன்புடன்,
ஜெனோவா